நான்கு பொத்தான், ஒரு முடிவு

மாப்பிள்ளைக் கோட்டுக்கு அளவெடுக்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கைமுனைப் பொத்தான்களுக்கு நிஜக் காஜா வெட்டுவதா, அல்லது அழகுக்குத் தைத்து வைப்பதா?

கடையில் வாங்கும் ரெடிமேட் கோட்டுகளில் இவை பெரும்பாலும் வெறும் அலங்காரம். காஜா போலத் தெரிவது நூல் வேலை. திறந்து மூடக்கூடிய நிஜ வகைக்கு 'சர்ஜன் கஃப்' என்று பெயர். கோட்டைக் கழற்றாமலே டாக்டர்கள் கையை மடித்துவிட்டுக்கொள்ள ஏற்பட்டது என்பார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் தையல்காரர்களோ பொத்தான்களை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி தைப்பார்கள். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கைமுனையை அகலமாக மடித்துப் பொத்தானிட்டு நிறுத்துவதே கௌரவம்.

ராணுவத்தில் இது அடையாளமானது. பிரிட்டிஷார் காலத்து மதராஸ் ராணுவத்தின் சிவப்புக் கோட்டில் காலருக்கும் கைமுனைக்கும் வேறு நிறம்; படைப்பிரிவை அடையாளம் காண அது உதவியது. இந்தியக் கடற்படை அதிகாரியின் குளிர்காலக் கோட்டில் கைமுனையிலுள்ள தங்கப் பட்டைகள் பதவியைச் சொல்கின்றன.

கல்யாண வீட்டில் கணக்கு வேறு. காஜா வெட்டிவிட்டால் கையின் நீளத்தைக் கீழிருந்து குறைப்பது கடினம். தோள் பக்கம் பிரித்துத்தான் தைக்க வேண்டும், கூலியும் கூடும். வெட்டாத கோட்டில் பொத்தானைப் பிரித்து, முனையை உள்ளே மடித்துத் தைத்தால் போதும். அண்ணன் கோட்டு தம்பி கல்யாணத்துக்கும் ஆகும்.

நிஜக் காஜாதான் வேண்டும் என்பவர்கள், கோட்டைப் போட்டுப் பார்த்து நீளம் சரி என்று உறுதியான பிறகு வெட்டச் சொல்வது நல்லது. கத்தரி பட்ட துணி மறுபடி ஒட்டாது.