தவளைக் குன்றில் நண்பர் வீடு
மெக்சிகோவில் குவானஹுவாட்டோ என்றொரு மலைநகரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். இந்தப் பெயருக்குப் புரேபெச்சா பழங்குடி மொழியில் 'தவளைகளின் குன்று' என்று பொருள் சொல்கிறார்கள்.

அங்கே நண்பர் வீட்டுக்குப் போனால், டாக்ஸி முதலில் பூமிக்கடியில் நுழையும். திகைக்க வேண்டாம்! ஒரு காலத்தில் ஆறு ஓடிய பாதை அது. வெள்ளத்துக்கு அஞ்சி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். பழைய தடம் சுரங்கச் சாலையாகிவிட்டது.

வெளியே வந்தால், மலைச்சரிவெங்கும் மஞ்சள், ஊதா, செங்கல் சிவப்பு, வான்நீலம் என்று வீடுகள் அடுக்கடுக்காய். நண்பர் வீடு மேலே இருந்தால், இனி நடைதான். பல சந்துகளில் வண்டி நுழையாது, படிக்கட்டே தெரு. 'முத்தச் சந்து' என்ற ஓரிடத்தில் எதிரெதிர் மாடங்களுக்கு இடைவெளி முக்கால் மீட்டர்கூட இல்லை!

வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த ஊர் இது. ஓவியர் தியேகோ ரிவேரா 1886-இல் பிறந்தது இங்கேதான். 1988-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாலையில் மாணவர் இசைக்குழுக்கள் பழங்கால உடையில் பாடிக்கொண்டே சந்து சந்தாகப் போவார்கள். கேட்பவர்களும் கூடவே நடப்பார்கள்.

இன்னொன்று. மெக்சிகோக்காரர் தம் வீட்டைச் சொல்லும்போது, 'இது உங்கள் வீடு' என்பார். அந்த ஒரு சொல்லிலேயே ஏறி வந்த களைப்பு இறங்கிவிடும்!