ரத்தத்தையும் மீறி ஒட்டும் பசை

ஈரல் போன்ற மென்மையான உறுப்பில் ரத்தம் கசியும்போது தையல் போடுவது எளிதல்ல. ஊசி நுழைந்த துளையே புதிய கசிவாகிவிடலாம். அதனால் அறுவை மருத்துவர்கள் பசைகளையும் நாடுகிறார்கள். ஃபைப்ரின் பசை உடலுக்கு இணக்கமானது, ஆனால் ஈரத்தில் அதன் பிடிப்பு குறைவு. சயனோஅக்ரிலேட் அழுத்தமாகப் பிடிக்கும். காய்ந்ததும் விறைத்துவிடுவதால் துடிக்கிற, விரிந்து சுருங்குகிற உறுப்புகளுக்கு ஒத்துவராது.

உண்மையான சிக்கல் பசையின் வலிமையில் இல்லை. திசுவின் மேல் நீரும் ரத்தமும் படலமாகப் படிந்திருக்கின்றன. அதைக் கடந்து திசுவைத் தொட்டால்தான் பசைக்குப் பிடிப்பு கிடைக்கும். அலையடிக்கும் பாறையில் ஒட்டி வாழும் உயிரினங்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. கடற்சிப்பியின் ஒட்டும் புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் இருப்பதை 1981இல் ஹெர்பர்ட் வெயிட் காட்டினார். ஓடில்லா நத்தையின் சளியை முன்மாதிரியாகக் கொண்டு ஹார்வர்டில் டேவிட் மூனி குழுவினர் செய்த ஹைட்ரோஜெல் 2017இல் வெளியானது. அதன் ஒட்டும் பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டது. அடியிலுள்ள ஜெல்லோ இழுவிசையைத் தாங்கிக் கிழியாமல் நிற்கிறது.

படகின் அடியில் படியும் கொட்டலசு காட்டிய வழி இன்னும் நேரடியானது. அது முதலில் கொழுப்புப் பொருளைச் சுரந்து பரப்பிலுள்ள நீரையும் அழுக்கையும் விலக்குகிறது. பிறகே ஒட்டும் புரதம் வேலையைத் தொடங்குகிறது. எம்.ஐ.டி.யில் ஹியூன்வூ யுக், சுவான்ஹே ஜாவோ குழுவினர் 2021இல் இதே வரிசையைப் பின்பற்றி ஒரு களிம்பை உருவாக்கினர். கொழுப்பின் இடத்தில் சிலிக்கோன் எண்ணெய். புரதத்தின் இடத்தில் பாலிஅக்ரிலிக் அமிலத்தின் நுண்துகள்கள். களிம்பைக் காயத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால் எண்ணெய் ரத்தத்தை ஒதுக்கித் தள்ளும். துகள்கள் மிச்ச ஈரத்தை உறிஞ்சி ஹைட்ரோஜெல்லாகி, திசுவிலுள்ள அமீன் தொகுதிகளோடு வேதிப் பிணைப்பில் இறுகும். இதற்குச் சுமார் 15 விநாடிகள் போதும்.

இந்த அடைப்புக்கு ரத்தம் உறையவேண்டிய அவசியமே இல்லை. உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கப்பட்ட பன்றிகளின் ஈரலிலும் கசிவு நின்றது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களின் அறுவையில் இதன் மதிப்பு சொல்லாமலே விளங்கும். தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் கரைத்தெடுக்கவும் தனிக் கரைசல் உண்டு.

இவையெல்லாம் விலங்குகளில் கிடைத்த முடிவுகள். காயம் ஆறும்வரை ஜெல் நிற்கவேண்டும், ஆறியபின் தீங்கின்றிச் சிதையவேண்டும். நாளெல்லாம் துடிக்கும் இதயத்துக்கும் அசைவு குறைந்த ஈரலுக்கும் ஒரே கலவை பொருந்தாமல் போகலாம்.