வீட்டிலேயே கடலை மிட்டாய்

நிலக்கடலை பயிரிடும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. திரண்ட பருப்பை மண்டிக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதையும் பூசணம் பட்டதையும் வீட்டுக்கென்று ஒதுக்குவார்கள். "வறுத்து வெல்லப்பாகில் போட்டால் சரியாகிவிடும், பிள்ளைகள் தின்னட்டும்" என்பார்கள். சரியாகாது.

ஈரம் காயாத கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் அப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சம் வரை மடிந்த பிறகுதான் இது கண்டறியப்பட்டது. கல்லீரலைக் கெடுக்கும் இந்நஞ்சு, வறுத்தாலும் பாகில் கொதித்தாலும் முற்றிலும் அழிவதில்லை. சொத்தைப் பருப்பின் கசப்பும் வெல்லத்தில் மறைந்துவிடும். ஆகவே, காயைக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 8 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. பூசணம் படிந்த, கறுத்த, சுருங்கிய பருப்புகளைப் பொறுக்கிக் குழியில் புதைத்துவிடுங்கள். மாட்டுக்கும் போடவேண்டாம், நஞ்சு பாலில் இறங்கும்.

இனி மிட்டாய்க்கு வருவோம். ஒரு கிலோ நல்ல பருப்பை இளந்தீயில் வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்துப் புடைத்துக்கொள்ளவும். அரை முதல் முக்கால் கிலோ வெல்லம் போதும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத் தேடவேண்டாம். நிறத்துக்காக மருந்து சேர்த்ததாக இருக்கலாம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சவும்.

பதம்தான் முக்கியம். பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காய்ச்சுங்கள். இல்லையேல் மிட்டாய் பல்லில் ஒட்டும். கருகவிட்டால் கசக்கும். பதம் வந்ததும் இறக்கி, ஏலப்பொடியும் பருப்பும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய பலகையில் பரப்பிப் பூரிக்கட்டையால் தேய்க்கவும். சூடு ஆறுமுன் வில்லை போட்டுவிட வேண்டும். ஆறியபின் வெட்டினால் நொறுங்கும். மழைக்காலத்தில் சற்று நேரம் திறந்து வைத்தாலே கசிந்துவிடும். நன்றாக ஆறியதும் இறுக மூடும் டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை மற்ற ஊர்க்காரர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள்.