வெட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரில் வெட்டிப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது தவிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்களுக்காக, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கோவையில் என் அக்காவின் கணவர் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். கோவாவில் தயாராகி, 1998ல் அறிமுகமான கார். ரெனோ நிறுவனத்தின் 1149 சிசி இன்ஜின், பைபர் கிளாஸ் பாடி. இந்தக் கார் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் மறைந்த பின் கார் ஷெட்டிலேயே நின்றது. அக்கா மகன் அதை வெளியே எடுத்தான். பின்னால் பெரிய விங், அகலமான வீல் ஆர்ச், மேல்நோக்கித் திறக்கும் கதவு என்று பட்டியல் போட்டான். ஒர்க் ஷாப்பில் அட்வான்ஸாக 40 ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தார்கள். "அவர் கார்னு அடையாளமே தெரியாமப் பண்ணிடுவான் போலிருக்கு" என்று அக்காவுக்கு வருத்தம்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார். அப்புறம் உன் இஷ்டம்" என்றேன்.

முதலில் போட்டோ. கிட்டே நின்று எடுத்தால் நடுப்பகுதி உப்பித் தெரியும். அதனால் தள்ளி நின்று, கேமராவைக் கதவின் உயரத்தில் பிடித்து, ஜூம் செய்து பக்கவாட்டில் எடுத்தோம். பிறகு கிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் படத்தைத் திறந்து, லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கிளிக் செய்தோம். லேயர் என்பது படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் போன்றது. மேல் தாளில் என்ன கிறுக்கினாலும் அடியில் உள்ள ஒரிஜினல் கெடாது.

அடுத்து அளவு. இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை டேப் வைத்து அளந்தோம். அதே தூரத்தைப் படத்தில் மெஷர் டூல் கொண்டு பிக்ஸலில் அளந்தோம். 2000 மில்லிமீட்டர் தூரம் படத்தில் 1000 பிக்ஸல் என்றால், ஒரு பிக்ஸல் 2 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் விங் படத்தைத் தனி லேயராகக் கொண்டு வந்து, ஸ்கேல் டூல் மூலம் சரியான அளவுக்கு மாற்றி வைத்தோம்.

சின்னப் பையன் தலையில் பெரிய கூடையை வைத்தது போல இருந்தது! அவனே லேயர் பக்கத்தில் உள்ள கண் படத்தைக் கிளிக் செய்து அதை மறைத்துவிட்டான். பூட் ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்குச் சின்ன உதடு மட்டும் வரைந்தோம். அது அழகாகப் பொருந்தியது.

டயருக்கு எக்ஸெல் உதவியது. உதாரணமாக 155/70 ஆர்13 டயரின் விட்டம் காண, ஒரு செல்லில் =13*25.4+2*155*70/100 என டைப் செய்தால் 547.2 மில்லிமீட்டர் என விடை வரும். 185/55 ஆர்14 டயருக்கு 559.1. வித்தியாசம் 2.2 சதவீதம். ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் கிட்டத்தட்ட 82ல் போவோம். "இவ்வளவு இருக்கா மாமா?" என்றான்.

சட்டத்தையும் சொன்னேன். தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நிறம் மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். எந்த மாற்றமானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கதவு ஆசை அத்தோடு போயிற்று.

கடைசியில் மிஞ்சியது அதே சிவப்பு நிறத்தில் புது பெயின்ட், பழைய அளவிலேயே புது டயர், ஆர்.டி.ஓ. அலுவலகம் சரி என்றால் அந்தச் சின்ன உதடு. பிரின்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவர் கார்தான்டா. குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

நீங்கள் செய்து பார்க்கும்போது பைலை எக்ஸ்.சி.எப். வகையில் சேவ் செய்யுங்கள். லேயர்கள் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் தவறு செய்தால் கன்ட்ரோல் + இசட் அழுத்திச் சரிசெய்யலாம். ஒர்க் ஷாப்பில் அந்தக் கீ கிடையாது!