புரட்டாசி நாற்று, தைப் பூ

பொங்கலுக்கு முந்திய நான்கைந்து நாட்களில் பூவுக்குக் கிடைக்கும் விலை மாசியில் கிடைப்பதில்லை என்பதைக் கள்ளக்குறிச்சியில் பூ விற்ற எவரும் அறிவர். கல்வராயன் மலைக் குடியானவர் மழை ஓயட்டும் என்று கார்த்திகை வரை காத்திருந்து செண்டுமல்லி விதைத்தால், பூ மாசியில்தான் வரும்.

கணக்கு எளிது. விதை 5 முதல் 7 நாட்களில் முளைக்கும். 25 நாளில் நாற்று நடவுக்கு ஆகும். நட்ட 55 அல்லது 60 நாளில் பூக்கும். மலையின் குளிர்ந்த இரவுகளுக்காகப் பத்து நாள் கூட்டிக்கொள்க. ஆகவே புரட்டாசி 20 தேதியை ஒட்டி, அதாவது அக்டோபர் முதல் வாரக் கடைசியில், விதை விழுந்தாக வேண்டும்.

இடையூறு யாதெனில், வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. ஈரம் தேங்கிய பாத்தியில், நெருக்கமாக முளைத்த நாற்றின் அடித்தண்டைப் பூஞ்சணம் அழுகச் செய்யும். ஓரிரவில் பாத்தி முழுவதும் சாய்ந்துவிடும். இங்கிலாந்து, கனடா போன்ற பனி நாடுகளில் உறைபனி நீங்குவதற்கு ஆறு வாரம் முன்பே கண்ணாடிக் கூரையின் கீழ் நாற்று விடுகிறார்கள். நமக்குக் கண்ணாடி வேண்டாம். மூங்கில் வளைவின் மீது பாலிதீன் தாள் போதும். பக்கங்களைத் திறந்தே விடவேண்டும். மூடினால் புழுக்கத்தால் அழுகல் மிகும். பாத்தி ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். சலித்த மக்கிய எருவுடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடுக. விதையை வரிசையாக, கலக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணிட்டு, வைக்கோல் பரப்புக. முளை கண்டவுடன் வைக்கோலை நீக்காவிடில் நாற்று வெளிறி நெடுத்துப் போகும்.

செண்டுமல்லி பகல் குறுகிய நாட்களில் விரைந்து மொட்டு விடும் இயல்பினது. அதனால் மார்கழிச் செடி சிறுத்தே நிற்கும். வரிசைக்கு 45, செடிக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி போதுமானது. நுனி கிள்ளினால் கிளை பெருகும், ஆனால் பூ தாமதிக்கும். பொங்கலை நம்பி நட்ட பகுதியில் கிள்ளற்க. எஞ்சியதில் கிள்ளினால் பிற்பாடு பறிக்கலாம். சைனா ஆஸ்டர் இதற்கு நேர்மாறானது. நீண்ட பகல் வேண்டுவது. குளிர்காலத்தில் அதன் காம்பு குட்டையாகிவிடும் என்பதால் தைக்கு அதை நான் சிபாரிசு செய்யேன். வீரிய ஒட்டுப் பூவிலிருந்து எடுத்த விதையும் தாய்ச்செடியை ஒத்து வராது.

மரவள்ளியை விட்டுவிடச் சொல்லவில்லை. முதலாண்டில் ஐந்து சென்ட் போதும். நீர் வசதியுள்ள ஓரிடத்தில் ஊராட்சி மன்றம் பொது நாற்றங்கால் அமைத்தால், தாளும் மூங்கிலும் தனித்தனியே வாங்கும் செலவு குறையும். பறித்த பூ நெடுநேரம் தாங்காது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியே இறங்கும் முதல் வண்டியைப் பிடிக்கும்படி, விடியலின் குளிர்ச்சியிலேயே பறித்து, நனையாத கூடையில் நிரப்புக.