வயிறு சுருங்கியது, வேலை என்ன ஆயிற்று?

திருவண்ணாமலையில் பவுர்ணமி இரவு.

மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. வெறுங்காலோடு ஜனங்கள் நடக்கிறார்கள். வழியெல்லாம் டீக்கடை, சுண்டல், இட்லி, அன்னதானம்!

இந்த ஊரில் மெஸ் நடத்தும் ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 45. உயரம் ஐந்தரை அடி. எடை 130 கிலோ! மலையடிவாரத்திலேயே பிறந்தவர்தான். ஆனாலும் மலையைச் சுற்றி வந்து பல வருடம் ஆகிவிட்டது. முழங்கால் விடவில்லை. சர்க்கரை நோய் வேறு. படுத்தால் மூச்சு முட்டுகிறது.

"தின்று தின்று பெருத்துவிட்டார்" என்று ஊர் சொல்லும். அப்படி ஒரே பேச்சில் முடித்துவிட முடியாது. பரம்பரை, தூக்கக் கெடுதல், சில மருந்துகள் என்று காரணங்கள் பல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். இத்தனை பேரும் சாப்பாட்டு ராமன்களா, என்ன?

நம் மெஸ்காரர் பத்தியம் இருந்து பார்த்தார். பத்து கிலோ குறைந்தது. பன்னிரண்டு கிலோ ஏறியது. கடைசியில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார்.

இது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவில் அயோவா என்ற இடத்தில் 1966ல் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் இப்படி ஒரு ஆபரேஷனைச் செய்தார். இப்போது பல முறைகள் இருக்கின்றன. அதிகமாக நடக்கும் ஒரு முறையில், இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் போல நீளமாக இருக்கும். வயிற்றைக் கிழிப்பதில்லை, சிறு துளைகள் போட்டுச் செய்கிறார்கள். இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்துவிடலாம். அடுப்படிக்கு?

மந்திரியும் படுத்தார்

2014 செப்டம்பரில், மத்திய நிதி மந்திரியாக இருந்த அருண் ஜேட்லி டெல்லியில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டார். நெடுநாள் சர்க்கரை நோயால் கூடிய எடை அது. சில நாளில் வீடு திரும்பினார். ஆனால் அதே மாதத்தில் மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. அக்டோபரில் வேலைக்கு வந்தார். டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது என்று அந்த மாதம் 18ந் தேதி அறிவித்தவர் அவரே.

மந்திரிக்குக் கார் உண்டு, உதவியாளர் உண்டு. நம் மெஸ்காரருக்கு? ஒரு நாள் கடையைப் பூட்டினால் ஒரு நாள் வருமானம் போச்சு!

ஈ.எஸ்.ஐ. அட்டையும் அதற்கு வேண்டிய சந்தாவும் உள்ள தொழிலாளிக்கு, நோய்க்கால உதவியாக வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆகவே இவர் பத்தாம் நாளே சட்டையை மாட்டுகிறார்.

"என்னங்க, எங்கே கிளம்பிட்டீங்க?" என்கிறார் மனைவி.

"சும்மா கல்லாவில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்."

"உட்கார்ந்தால் சரி. அண்டாவைத் தொட்டீங்க, நான் அங்கேயே வந்துடுவேன்!"

அந்த அம்மாள் சொல்வதுதான் சரி. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்கும் வேலை என்றால் ஒன்று முதல் ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும். வெளியே தையல் ஆறியிருக்கும், உள்ளே ஆறியிருக்காது. ஆளுக்கு ஆள் இது மாறும். கெடு சொல்ல வேண்டியவர் ஆபரேஷன் செய்த டாக்டர்.

காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, தாங்காத வயிற்றுவலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் கடையாவது, கல்லாவாவது! உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஆபரேஷனில் உயிர் போவது அபூர்வம்தான். ஆனால் போயிருக்கிறது. 2024ல் புதுச்சேரி வாலிபர் ஒருவர் சென்னையில் இந்த ஆபரேஷனைத் தொடர்ந்து இறந்துபோனார்.

ருசி பார்ப்பது யார்?

மெஸ்காரருக்குப் பெரிய சங்கடம் இதுதான். சாம்பாரை உப்புப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டுமே. பிறகு கூழாக மசித்தது. அப்புறம் குழைந்த சோறு, பருப்பு. எல்லாரையும் போலச் சாப்பிட இரண்டு மாதம் ஆகும். அப்போதும் நாலைந்து வாய்தான்!

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். ஆனால் நாள் முழுவதும் மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டர் உள்ளே போகவேண்டும். அடுப்புச் சூட்டில் நிற்பவருக்கு இது லேசல்ல. பக்கத்தில் பாட்டில் இல்லாவிட்டால் மயக்கம்தான்.

சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் வந்தால்? ஒரு பருக்கை போதும். இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு போகும். விரதம் இருக்கும் வழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால், கடையிலேயே சுருண்டு விழ நேரிடும்! சத்து மாத்திரைகளோ ஆயுள் முழுவதும்.

ஊர் வாய்

மூன்றாம் மாதம். எடை இறங்குகிறது. சட்டை தொளதொளக்கிறது. தலைமுடி கொட்டுகிறது. பெரும்பாலும் அது திரும்ப முளைத்துவிடும். ஊர் சும்மா இருக்குமா?

"என்ன முதலாளி, இப்படி இளைத்துட்டீங்க? பெரிய வியாதியா?"

சொல்வதா, மறைப்பதா? அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில கவர்னராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி மறைத்துப் பார்த்தார். 2013 பிப்ரவரியில் பொய்ப் பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டு, அன்றே வீடு திரும்பினார். மே மாதம் பத்திரிகையில் வந்துவிட்டது! கவர்னர் கதையே இப்படி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கூட வேலை செய்யும் ஒருவரிடம் கட்டாயம் சொல்லி வைக்கவேண்டும். மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அவருக்காவது தெரிய வேண்டுமே!

செலவு விஷயமும் உண்டு. எடையை கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் நம்மவருக்கு 46 வருகிறது. 2019ல் வந்த இன்ஷூரன்ஸ் விதிகளின்படி 40க்கு மேல் இருந்தால், வேறு வழிகள் பலிக்காதபோது, டாக்டர் சொல்லிச் செய்யும் ஆபரேஷனுக்குப் பணம் கேட்கலாம். கடும் நோய் கூட இருந்தால் 35 போதும். ஆனால் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

நம் மெஸ்காரர் நடக்கத் தொடங்கிவிட்டார். முதலில் தெருமுனை. பிறகு அக்னி லிங்கம். ஒரு பவுர்ணமிக்கு அதையும் தாண்டினார். இடுப்பில் தண்ணீர் பாட்டில், பையில் ஒரு சிறு டப்பா.

மறுநாள் கடையில் வாடிக்கைக்காரர் ஒருவர் கேலி செய்கிறார். "என்ன முதலாளி, உங்க கடைச் சாப்பாட்டை நீங்களே சாப்பிடறதில்லையாமே?"

மெஸ்காரர் டப்பாவைத் திறந்து காட்டுகிறார். நாலு கரண்டி சுண்டல்.

"இதுவும் நம்ம கடைதான். மத்தியானம் வரைக்கும் வரும். உங்களுக்கு என்ன, ஃபுல் மீல்ஸா?"