உப்புக்காற்றில் இறுகும் டிஸ்க்

முன் சில்லிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பயம் பிடித்துவிடும். சத்தம் நின்றுபோனால் நிம்மதியாக ஓட்டுவார். மிதக்கும் டிஸ்க் பூட்டிய வண்டிகளில், அதுவும் அன்புவழிபுரம் போலத் திருகோணமலைக் கடற்காற்று எட்டுகிற இடங்களில், கூடுதலாகப் பயப்பட வேண்டியது சத்தம் நின்றுபோன வண்டிக்குத்தான்.

நம் தெருக்களில் ஓடும் சிறிய வண்டிகளில் டிஸ்க் ஒரே தகடு. சில்லோடு இறுக்கிப் பூட்டியிருக்கும். கலிப்பர்தான் இரண்டு ஊசிகளில் வழுக்கி இடம் மாறும். ஜப்பானிலிருந்து வந்த பழைய 250 சிசி வண்டிகள் பலவற்றிலும் பெரிய வண்டிகளிலும் டிஸ்க் இரண்டு துண்டாக இருக்கும்; இதுதான் மிதக்கும் டிஸ்க். வெளியே, பிரேக் பேட் கடிக்கும் உருக்கு வளையம். உள்ளே, சில்லில் பூட்டிய அலுமினியத் தாங்கி. இரண்டின் விளிம்பிலும் அரைவட்டக் குழிகள் எதிரெதிராக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் குழிகளில் உட்கார்ந்து இரண்டையும் கோப்பவை பொபின் எனப்படும் விரல்நுனி அளவு உருளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய அலை வாஷர், வளையம் ஆடிச் சத்தம் போடாதபடி அழுத்திப் பிடிக்கும்.

இத்தனை சிக்கல் எதற்கு என்றால், சூட்டுக்காகத்தான். வண்டியும் ஆளுமாக 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கண்டி வீதியில் ஹபரணைப் பக்கம் மணிக்கு 80 கிலோமீற்றரில் போகும்போது யானை குறுக்கிடுகிறது. வண்டி நிற்பதற்குள் ஏறத்தாழ 54,000 யூல் இயக்கசக்தி வெப்பமாக மாற வேண்டும். அதில் 70 சதவீதம் ஒரு கிலோ எடையுள்ள முன் வளையத்தில் இறங்கினால் அதன் சூடு ஒரே பிடியில் 80 பாகை செல்சியஸ் ஏறிவிடும். நுவரெலியாவிலிருந்து வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்குகிறவருக்கு 200 பாகை ஏறுவது பெரிய விஷயமல்ல. அந்தச் சூட்டில் 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளையம் அரை மில்லிமீற்றருக்கு மேல் விரிகிறது. உள்ளே இருக்கும் தாங்கிக்கு அவ்வளவு சூடு போவதில்லை; அது அப்படியே நிற்கிறது. இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தால் விரிய இடமில்லாத வளையம் கிண்ணம்போல் ஒரு பக்கம் குழியும். பொபின் தரும் சின்ன இடைவெளிதான் அதைத் தட்டையாக வைத்திருக்கிறது.

 

இப்போது உப்புக்கு வருவோம். வளையம் கறையில் உருக்குதானே, கறள் பிடிக்காதே என்று பலர் நம்புகிறார்கள். சமையலறை எவர்சில்வரில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், கூடவே நிக்கல். டிஸ்க் தேயாமல் உழைக்க வேண்டும் என்பதற்காகக் கடினமாக்கக்கூடிய வேறு வகை உருக்கில் செய்கிறார்கள். அதில் குரோமியம் 12, 13 சதவீதம்தான். உப்பிலுள்ள குளோரைட்டு அதன் ஒட்சைட்டுப் படலத்தைத் துளைத்துவிடும். அதைவிட மோசம் பொபினைச் சுற்றி நடப்பது. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் நின்றால் அது ஒரு சின்ன மின்கலம். அலுமினியம் அனோட்டாகிக் கரையும். வெள்ளைத் தூள் படியும். கரைந்த உலோகத்தைவிட அந்தத் தூளுக்கு அதிக இடம் வேண்டும். போதாததற்கு பேட்டிலிருந்து உதிரும் கரித்தூளும் சேர்ந்து இடைவெளி அடைபட்டுப் போகிறது. மீன்பெட்டி கட்டிய வண்டியில் ஐஸ் கரைந்து வடிகிற நீர் பின் டிஸ்க்கில் நாள் முழுக்கச் சொட்டுகிறது. வடகீழ்ப் பருவ மழையில் முன் சில்லும் தப்பாது.

இறுகிய டிஸ்க் சத்தம் போடாது. ஆனால் சூடேறும்போது நெளியும். ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். வேகம் குறையும்போது லீவர் விரலுக்கடியில் துடிக்கும். இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள கலிப்பரானால் நெளிந்த வளையம் பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிடும். அப்போது முதல் தடவை லீவர் ஆழமாக இறங்கும், இரண்டாம் தடவை சரியாகும். அந்த முதல் தடவைதான் ஆளைக் கொல்லக்கூடியது.

சோதிப்பதற்குக் கையே போதும். டிஸ்க் ஆறியிருக்கும்போது பொபினின் தலையை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் திரும்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் உப்பு வேலை செய்துவிட்டது. அடுத்து, சில்லு அசையாமல் பிடித்துக்கொண்டு வளையத்தை முன்னும் பின்னும் சுழற்றப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக அசைவது இயல்பு. சுழலும் திசையில் கண்ணுக்குத் தெரிய நகர்ந்து ‘கிளிக்’ என்று முட்டினால் தேய்மானம். சந்தேகமென்றால் முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஆட்டும்போது, இன்னொருவர் வளையமும் தாங்கியும் சேரும் இடத்தில் விரலை வைக்கட்டும். முட்டு அங்கே உணரப்பட்டால் பொபின். ஹாண்டில் கழுத்தில் உணரப்பட்டால் அங்குள்ள பேரிங். கலிப்பருக்குள் என்றால் தளர்ந்த பேட். இதைச் செய்யாமல், லீவர் துடிக்கிறது என்றவுடனே புது டிஸ்க் வாங்கச் சொல்வது காசுக்குக் கேடு. துடிப்புக்குப் பல நேரங்களில் காரணம் பேட்டின் பொருள் வளையத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதுதான். தடிப்பில் 0.02 மில்லிமீற்றர் ஏற்றத்தாழ்வு இருந்தாலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

வளையத்தின் நெளிவு, டயல் கேஜில் பார்த்தால், பல வண்டிகளில் 0.3 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. தடிப்பை மைக்ரோமீற்றரால் அளக்க வேண்டும். வேர்னியர் தேயாத விளிம்பில் உட்கார்ந்து பொய் சொல்லும். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

இறுகியது மட்டும்தான் பிரச்சினை என்றால், டிஸ்க்கைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பொபினின் துளையில் ஒரு போல்டைப் போட்டு இறுக்கிக் கையால் மெல்லச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினால் பெரும்பாலும் விடுபடும். ஒயில் விடவே கூடாது. அது சூட்டில் வழிந்து பேட்டில் ஏறும். தேய்ந்த பொபின், கிளிப் போட்டுப் பூட்டிய வகையானால் மாற்றலாம். தறைந்து இறுக்கிய வகைக்கு டிஸ்க்கையே மாற்றுவதுதான் வழி. வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025இல் திறக்கும்வரை உள்ள வண்டியைக் காப்பாற்றியே பழகிய நமக்கு, லேத்தில் ஒரு பொபின் கடைந்து போடும் ஆசை வருவது இயற்கை. ஆனால் அரைவட்டக் குழியே அடிபட்டு நீள்வட்டமாகியிருந்தால் எந்தப் பொபினும் அதில் நிற்காது. இம்மியளவு பெரிதாகக் கடைந்தாலும் டிஸ்க் மறுபடி இறுகிவிடும். அந்த வேலைக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

செலவில்லாத வேலை ஒன்று உண்டு. கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்றே டிஸ்க் ஆறியபின் நல்ல தண்ணீரை வாளியால் ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் பம்பைப் பேரிங் பக்கம் பிடிக்க வேண்டாம். பிறகு ஒழுங்கை முனைவரை மெதுவாக ஓடி, நாலைந்து தடவை பிரேக் பிடித்து ஈரத்தை உலர்த்திவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.